காலப்பிரமாணம் நழுவிய இடம்: மொரீஷியஸில் ஒரு மிருதங்க மாணவர்

ஆறு ஒலிப்பதிவுகளைத் தேதி சொல்லாமல், வரிசையைக் கலைத்து, என் மிருதங்க மாணவர் ஒருவருக்கு ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். ஆறும் அவரே வாசித்தவை. பாடமும் ஒன்றுதான்: ஆதி தாளத்தில் எட்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) சர்வலகு என்ற சீரான ஓட்டம், பிறகு ஒரு மோரா (ஒரே தொடரை மூன்று முறை வாசித்து முடிப்பது), கடைசியில் ஒரு கோர்வை (மூன்று சுற்றாக வந்து முடியும் பெரிய கணக்கு). மூன்று பதிவுகள் அவர் கஞ்சா புகைத்துவிட்டு வந்த மாலைகளில் எடுத்தவை. மூன்று புகைக்காமல் வந்த மாலைகளில் எடுத்தவை. ஆறு வாரம் கடந்திருந்ததால் எது எந்த நாள் என்று அவருக்கு நினைவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "இரண்டாவது, மூன்றாவது, ஆறாவது. இந்த மூன்றும் சரியாக இருக்கின்றன, ஐயா" என்றார்.

அந்த மூன்றும் புகைக்காத நாட்கள்.

நோட்டைத் திறந்து தேதிகளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அந்த மூன்று நாளும் வாசிக்கும்போது எனக்கே பிடிக்கவில்லை, ஐயா. மற்ற மூன்று நாள்தான் பிரமாதமாக வாசித்தேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்."

போதை இசையை வளர்க்குமா, கெடுக்குமா என்று கேட்கிறவர்கள் கையைப் பார்க்கிறார்கள், கற்பனையைப் பார்க்கிறார்கள். இந்த ஒரு மாணவரை இத்தனை ஆண்டு பக்கத்தில் இருந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்தது வேறு. முதலில் கெடுவது, தான் வாசிப்பதைத் தானே கேட்டு "இது போதாது" என்று சொல்கிற உள்காது. கை கெடுவது அதற்கு வெகு நாள் கழித்துத்தான். அவர் இதைப் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே வெளியிடுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று இருவருமாக முடிவு செய்தோம். அவர் புகைத்த நாட்களில் நான் புகைக்கச் சொன்னதில்லை. அவர் வந்த நிலையைக் குறித்து வைத்தேன், அவ்வளவுதான்.

பின்னணி

நான் கும்பகோணம் பக்கத்திலிருந்து இந்தத் தீவுக்கு வந்து 20 ஆண்டுக்கு மேல் ஆகிறது. வீட்டிலும் ஒரு கோயில் மண்டபத்திலும் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர் என்னிடம் வந்தபோது வயது 11. இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் பலரைப் போல வீட்டில் கிரியோல் பேசுவார். தமிழ் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் கற்றது. ஆனால் 'தா தி தொம் நம்' என்று அடிகளை வாயால் சொல்லும் சொல்கட்டு சொன்னால் தஞ்சாவூர்ப் பிள்ளை சொல்வது போலவே இருக்கும். அம்மாவின் அண்ணன் ராவான் வாசிப்பவர். ராவான் என்பது ஆட்டுத்தோல் போர்த்திய பெரிய வட்டப் பறை. வாசிக்கும் முன் நெருப்பில் காட்டித் தோலை இறுக்குவார்கள். மொரீஷியஸின் செகா இசைக்கு அதுதான் உயிர். 2014இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்த இசை அது. மூன்று மூன்றாகப் போகும் திஸ்ர நடையில் ஊறிய காது செகாவுக்குள் தடுக்காமல் நுழையும். ஒரு கையில் மிருதங்கம், மறு கையில் ராவான் என்று வளர்ந்தார். பதினைந்து வயதில் அவர் திஸ்ரத்தில் வைத்த மோராக்களைக் கேட்டு, இவர் நம்மைத் தாண்டிப் போவார் என்று என் மனைவியிடம் சொன்னேன்.

19 வயதில் மேற்குக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் செகா குழுவோடு வாசிக்கப் போனார். ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று சம்பளம். அங்கேதான் கஞ்சா பழக்கமானது. இங்கே அதற்குக் 'காந்தியா' என்று பெயர். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களோடு கடல் கடந்து வந்த சொல்.

இந்தத் தீவில் இசையையும் கஞ்சாவையும் சேர்த்துப் பேசினால் கயா என்ற பெயர் வராமல் போகாது. செகாவையும் ரெகேயையும் கலந்து 'செகே' என்ற இசையைப் பரப்பிய பாடகர் அவர். 1999 பிப்ரவரி 16 அன்று, கஞ்சா புகைப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி ரோஸ் ஹில்லில் நடந்த நிகழ்ச்சியில் பாடினார். அங்கே புகைத்ததற்காகக் கைதானார். 21ஆம் தேதி போலீஸ் காவலில் இறந்து கிடந்தார். தீவு பல நாள் கலவரத்தில் எரிந்தது. அந்தச் சாவு இன்றும் இங்குள்ளவர்களுக்கு ஆறாத புண். அதனால் கஞ்சாவைப் பற்றி இளைஞர்களிடம் பேசும்போது நான் குரலை உயர்த்துவதில்லை.

"காந்தியா இல்லாமல் கயா உண்டா, ஐயா?" என்று என் மாணவர் ஒரு நாள் கேட்டார். நான் சொன்னது இது: ஆறாகப் பிரிந்து உருள்கிற செகாவை, நான்கில் நின்று இடைத்தட்டில் விழுகிற ரெகேயோடு பிசிறில்லாமல் சேர்க்கிறது ஒரு மாலையில் புகைத்து வருகிற காரியம் இல்லை. இரண்டு நடையும் இரத்தத்தில் ஊறின பிறகு, இடிக்கிற இடத்தை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கழித்தால்தான் வரும். இந்தத் தீவில் கஞ்சா புகைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். செகே பாட ஒரு கயாதான் வந்தார். பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் பதிவு செய்து பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டார். அது 2015.

கஞ்சா மாலைகள்

பதிவுகளை மெட்ரோனோமோடு (சீராகத் தட்டி வேகம் காட்டும் கருவி) ஒத்துப் பார்த்தேன். புகைக்காத நாட்களில் நிமிடத்துக்கு 72 தட்டில் எடுத்து, கோர்வை முடியும்போது 73, 74இல் நின்றார். இளவயதுக்கு அது பெரிய விஷயம். புகைத்த நாட்களில் அதே 72இல் எடுத்து, கோர்வை தொடங்கும் முன்பே 80ஐத் தாண்டிவிட்டார். காலப்பிரமாணம், அதாவது வாசிப்பின் வேகம், ஓடிவிட்டது. அவருக்கோ நேர்மாறாகத் தோன்றியிருக்கிறது. "நிறைய இடம் கிடைத்தது, ஐயா. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஒரு வீடு கட்டலாம் போல இருந்தது" என்றார்.

இதற்குக் காரணம் தெரிந்ததுதான். கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. உள்ளே ஓடும் கடிகாரத்தை வேகப்படுத்துகிறது. ஆய்வுக்கூடத்தில் கஞ்சா எடுத்தவரிடம் 'பத்து வினாடி ஆனதும் சொல்லுங்கள்' என்றால், பத்து ஆகும் முன்பே ஆகிவிட்டது என்பார். வெளிக்காலம் மெதுவாகப் போவதாகத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பி வாசிக்கிற கை முந்தும். பாட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவர் கையில் போடும் தாளமே இழுத்துப் பிடித்திருக்கும். தனியாக வாசிக்கும்போது இழுத்துப் பிடிக்க ஆளில்லை.

இன்னும் ஒன்று கவனித்தேன். கும்கி கூடிவிட்டது. தொப்பியில் (மிருதங்கத்தின் இடது பக்கம்) ரவை ஒட்டி, மணிக்கட்டை அழுத்தி இழுத்தால் வருகிற அந்தக் குழைவான நாதம் அவருக்கு அன்று தேனாக இனித்திருக்கிறது. இரண்டு தட்டுக்கு ஒருமுறை இழுத்திருக்கிறார். சாப்பாட்டில் நெய் மாதிரிதான் கும்கி. எங்கே ஊற்ற வேண்டும் என்பதில்தான் சமையல் இருக்கிறது. கோர்வையின் மூன்றாம் சுற்றில் ஒரு மாத்திரை தவறி, எடுப்புக்கு (பாட்டு தொடங்கும் இடம்) முன்பே வந்து விழுந்தார். தவறுவது யாருக்கும் உண்டு. ஆனால் இந்தப் பிள்ளை 12 வயதிலிருந்து, அரைக்கால் மாத்திரை பிசகினாலும் முகத்தைச் சுளிப்பார். அன்று புன்னகையோடு நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பகீரென்றது அந்தப் புன்னகையில்தான்.

1944இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவர் 12 கைதிகளுக்குக் கஞ்சா போன்ற ஒரு செயற்கைப் பொருளைக் கொடுத்து, சீஷோர் இசைத்திறன் தேர்வு வைத்தார். சுருதி, கால அளவு, லயம் எல்லாம் அதில் வரும். மதிப்பெண் ஏறவில்லை. ஆனால் பெரும்பாலோர் தாங்கள் முன்னைவிட நன்றாகச் செய்ததாக நம்பினார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் அந்தச் சின்னச் சோதனைக்கு ஈடான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

கேட்பது மட்டும் என்றால்?

வாசிப்பதை விடுங்கள், கேட்பதற்கு நல்லதுதானே என்று பலரும் சொல்வார்கள். இவரும் சொன்னார். தம்புராவின் நான்கு தந்தியும் தனித்தனி நிறமாகத் தெரிகிறது, வயலின் வில்லின் உராய்வுகூடக் கேட்கிறது என்றார். இதைப் பொய் என்று தள்ள மாட்டேன். அவர் கேட்டது உண்மைதான். கஞ்சா கவனத்தை ஒரு புள்ளியில் குவிக்கும். அந்தப் புள்ளி பெரிதாகும், அழகாகும்.

அப்படி வந்த ஒரு மாலையில் ஒரு தனி ஆவர்த்தனப் (மிருதங்கம் மட்டும் வாசிக்கும் பகுதி) பதிவைப் போட்டேன். அவருக்கு முன்பே பழகியதுதான். கோர்வை எங்கே தொடங்குகிறது என்று கை தூக்கச் சொன்னேன். தூக்கவில்லை. கோர்வை முடிந்து பாட்டு திரும்ப எடுத்தபோது திடுக்கிட்டு, "அதற்குள் வந்துவிட்டதா?" என்றார். சாப்பு என்ற அடியின் நாதத்திலேயே நின்றுவிட்டார். முதல் சுற்றை நினைவில் வைத்திருந்தால்தானே மூன்றாம் சுற்று சமத்தில் (தாளம் தொடங்கும் தட்டு) வந்து விழும்போது உடம்பு சிலிர்க்கும்? கஞ்சா அந்தச் சற்று முந்தைய நினைவைத்தான் கரைக்கிறது. நம் இசையில் ரசனையின் பாதி அந்த நினைவில் இருக்கிறது. ஆலாபனையில் மூன்று நிமிடத்துக்கு முன் தொட்டுவிட்ட ராகப் பிடியைப் பாடகர் இப்போது முழுதாக விரிக்கிறார் என்று தெரிந்து கேட்பவருக்கு வரும் இன்பம், அது தெரியாதவருக்கு எப்படி வரும்?

2011இல் மொன்றியலில் செய்த மூளைப்பட ஆய்வு இதற்கு வலு சேர்க்கிறது. இசை உச்சத்துக்கு வருகிறது என்று காத்திருக்கும் நேரத்தில் மூளையின் ஒரு பகுதியிலும், உச்சம் வந்து சிலிர்க்கும்போது வேறொரு பகுதியிலும் டோபமின் என்ற மூளை ரசாயனம் சுரப்பதைக் கண்டார்கள். காத்திருப்பதே இன்பத்தில் சேர்த்தி. 2018இல் லண்டனில் 16 பேரிடம் நடந்த ஆய்வில், டி.எச்.சி. மிகுந்த கஞ்சா புகைத்தவர்களின் மூளையில், இன்பத்தோடும் உணர்ச்சியோடும் தொடர்புள்ள பகுதிகள் இசைக்கு அளித்த எழுச்சி குறைந்திருந்தது. கஞ்சாவிலேயே உள்ள இன்னொரு பொருளான சி.பி.டி. சேர்ந்திருந்தபோது அந்தக் குறைவு சரிக்கட்டப்பட்டது. அதனால் எல்லாக் கஞ்சாவும் ஒன்று என்றும் நான் சொல்ல மாட்டேன்.



பவுடர்

பதிவுகளைக் கேட்ட பிறகு எட்டு மாதம் விட்டிருந்தார். பிறகு தீவு முழுக்கப் பரவிக்கொண்டிருந்த 'சிந்தெடிக்' வந்தது. இலையில் ரசாயனம் தெளித்துப் பொட்டலம் கட்டுகிறார்கள், மலிவு. டி.எச்.சி. மூளையின் ஏற்பியை (அந்தப் பொருள் போய் ஒட்டும் இடம்) பாதிதான் திருப்புகிறது என்றால் இந்த ரசாயனங்கள் முழுக்கத் திருப்புகின்றன. ஹோட்டல் மேடையிலேயே ஒரு தரம் விழுந்தார், வேலை போயிற்று. 2017இல் ஹெராயின், அதாவது பவுடர். அந்த இரண்டு ஆண்டைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் வரவில்லை. அவருடைய அம்மா ஒரு நாள் விடியற்காலையில் பலாமரக் கட்டை மிருதங்கத்தைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து, "இது உங்கள் வீட்டில் இருக்கட்டும், விற்றுவிடுவான்" என்று வைத்துவிட்டுப் போனார்.

அந்த நாட்களில் என் மாணவர் சார்லி பார்க்கரைச் சொல்வார். அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் மேதை; ஹெராயினுக்கு அடிமையானவர்; 1955இல் 34 வயதில் போனவர். அவரைப் போல வாசிக்க வேண்டும் என்று எத்தனையோ இளைஞர்கள் ஊசியைத் தொட்டார்கள். ஆனால் போதையில் நன்றாக வாசிக்கிறேன் என்று சொல்பவன் பொய்யன் என்று பேட்டியில் சொன்னவரும் அதே பார்க்கர்தான். ஜான் கோல்ட்ரேன் 1957இல் ஹெராயினை விட்டார். அவரைப் பெரியவராக்கிய வாசிப்பெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. இதையெல்லாம் சொன்னேன். சொல்லும் நேரத்தில் காதில் ஏறவில்லை.

இசை செத்த மாதங்கள்

2019 கடைசியில் மெத்தடோன் (ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் மருந்து) சிகிச்சையில் சேர்ந்தார். மொரீஷியஸ் அரசு 2006இலிருந்து நடத்தும் திட்டம் அது. காலையில் போய் வரிசையில் நின்று, அவர்கள் எதிரிலேயே குடித்துவிட்டு வர வேண்டும். உடம்பு தேறியது. அம்மா முகத்தில் களை வந்தது. நானும் மிருதங்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, ஹோட்டல்கள் மூடின. எல்லோரும் வீட்டில். இனிச் சாதகத்துக்கு நேரம்தான் நேரம் என்று நினைத்தேன்.

போனில் அழைத்தார். "ஐயா, ஒன்றும் இல்லை" என்றார்.

"என்ன ஒன்றும் இல்லை?"

"பாட்டில் ஒன்றும் இல்லை. என் மாமாவின் ராவான் பதிவைப் போட்டேன். இது எனக்குப் பிடித்தது என்று தெரிகிறது. தெரிகிறது, அவ்வளவுதான். பலகையைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது."

இங்கே நான் பெரிய தப்புச் செய்தேன். சாதகம் போதவில்லை, ஒரு மண்டலம் விடாமல் வாசி, தானாக வரும் என்றேன். வாத்தியார்கள் எதற்கும் சொல்லும் மருந்து. அவர் கேட்டது உதவி, நான் கொடுத்தது பாரம். பதினோரு நாள் வாசித்தார். பன்னிரண்டாம் நாள் மறுபடி பவுடர் வாங்கப் போய்விட்டார். போதைக்காகப் போகவில்லை என்று பிறகு சொன்னார். "பாட்டு திரும்பி வருமா என்று பார்க்கப் போனேன், ஐயா."

வந்ததா என்று கேட்டேன். ஒரு ராத்திரி வந்தது என்றார்.

விட்டவர்கள் ஏன் திரும்பப் போகிறார்கள் என்று பேசும்போது வலியைச் சொல்வார்கள், கூட்டாளிகளைச் சொல்வார்கள். கலைஞர்களுக்கு இப்படி ஒரு காரணம் இருப்பதை எனக்கு யாரும் சொன்னதில்லை. அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்தான் போனில் பொறுமையாக விளக்கினார். நம் உடம்பே அபினைப் போன்ற பொருள்களைச் சுரக்கிறது. இசையில் வரும் இன்பத்துக்கும் அதில் பங்கு உண்டு. 1980இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஒரு மருந்தியலாளர், அந்தச் சுரப்பின் வேலையைத் தடுக்கும் நலோக்சோனை 10 பேருக்குக் கொடுத்து அவர்களுக்குப் பிடித்த இசையைப் போட்டார்; மூன்று பேருக்கு மயிர்க்கூச்சு குறைந்தது. 2017இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் அதே வகை மருந்தான நால்ட்ரெக்சோன் கொடுத்துப் பார்த்தார்கள். தமக்கு மிகப் பிடித்த பாட்டே மந்தமாகிவிட்டது. சோகப் பாட்டின் சோகமும் குறைந்தது. இது என் பாட்டுதான், ஆனால் வழக்கமான உணர்வு இல்லை என்று அதில் கலந்துகொண்ட ஒருவர் சொன்னதைப் படித்தபோது என் மாணவர் போனில் சொன்னதுதான் காதில் ஒலித்தது.

அவர்களுக்கு அது ஒரு நாள் மருந்து, மறுநாள் தீர்ந்தது. இவருக்கோ ஆண்டுக்கணக்கில் வெளியிலிருந்து கொட்டிக் கொட்டி, சொந்தச் சுரப்பும் ஏற்பிகளும் மரத்துப் போயிருந்தன. அது தெளிய மாதங்கள் ஆகும், அதுவரை இசை சப்பென்றுதான் இருக்கும், திறமை போய்விட்டது என்று அர்த்தமில்லை. இதை முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தால் அந்தப் பன்னிரண்டாம் நாள் வந்திருக்காது என்று இன்றும் நினைக்கிறேன். போதையை விடும் ஒவ்வொரு பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் சிகிச்சையின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

திரும்பியது

பிறகு அவரை ரசிக்கச் சொல்லவே இல்லை. உணர்ச்சி கேட்காத வேலைகளாகக் கொடுத்தேன். வாட்ஸ்அப்பில் காலை ஏழு மணிக்குக் கொன்னக்கோல்: வாயால் சொல், கையால் தாளம், பத்து நிமிடம். ஐந்து ஐந்தாகப் போகும் கண்ட நடையில் ஒரு மோரா எழுதி அனுப்பு. கணக்கு சரியா என்று மட்டும் பார்ப்பேன். மெத்தடோன் குடித்துவிட்டு வந்ததும் இதுதான் முதல் வேலை. ஊரடங்கு தளர்ந்த பிறகு மண்டபத்துக்கு வரச் சொல்லி, சிறு பிள்ளைகளின் மிருதங்கங்களுக்குச் சுருதி சேர்க்கும் வேலை. கல்லும் கொட்டாப்புளியுமாக வலந்தலையின் (மிருதங்கத்தின் வலது பக்கம்) விளிம்பைச் சுற்றித் தட்டி, பதினாறு கண்ணும் ஒரே சுருதியில் நிற்கும்வரை. அதில் இன்பம் வேண்டியதில்லை, காது இருந்தால் போதும். அவர் காது கெடவில்லை. கேட்டதன் மேல் மனம் போகவில்லை, அவ்வளவுதான்.

ஏழாவது மாதம். ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒன்று முதல் தடவையாகத் 'தா தி தொம் நம்' மூன்று காலமும் தவறாமல் வாசித்து முடித்தது. அவர் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தார். கிட்டே போனேன். கையை நீட்டிக் காட்டினார். மயிர் நட்டுக்கொண்டு நின்றது. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

அதன் பிறகு எல்லாம் சீராகப் போயிற்று என்று எழுத முடியாது. ஒரு தடவை சறுக்கினார், மூன்று நாளில் தானே திரும்பினார். மெத்தடோன் அளவை மருத்துவர் மெல்லக் குறைத்து வருகிறார். இன்னும் நிறுத்தவில்லை. ஹோட்டலுக்குப் போகவில்லை. மண்டபத்தில் சிறு பிள்ளைகளின் வகுப்பு அவர் பொறுப்பு.

இந்தத் தைப்பூசக் காவடிக்கு முந்தைய பத்து நாள் மாலைப் பாட்டுக்கு அவரை வாசிக்கக் கூப்பிட்டேன். கோயிலில் எல்லோரும் ஆசையாக இருந்தார்கள். ஒரு வாரம் என்னோடு ஒத்திகை பார்த்தார். நான்காம் நாள் கோர்வை முடிந்ததும் முகத்தைச் சுளித்தார். போனில் பதிவு செய்திருந்தார். திருப்பிப் போட்டு, ஓர் இடத்தில் நிறுத்தி, எனக்குக் காட்டினார். எனக்குக்கூடத் தட்டுப்படாத பிசகு.

"மூன்றாம் சுற்றில் இன்னும் முந்துகிறேன், ஐயா. இந்த வருஷம் நீங்களே வாசியுங்கள். நான் பின்னால் உட்கார்ந்து தாளம் போடுகிறேன்."